கலையாத படுக்கை

எங்கள் அக்காவுக்கு உட்காரத் தெரியாது. பழியாகச் சொல்லவில்லை. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குக் கணக்கு வராது, இவளுக்கு உட்கார வராது, அவ்வளவுதான். விருந்துக்குப் போன வீட்டில் மற்றவர்கள் நாற்காலி தேடினால் இவள் துடைப்பம் தேடுவாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நுனியில்தான் ஒட்டிக்கொண்டிருப்பாள். அவளுடைய கல்யாணப் போட்டோவில் மாமா தெளிவாக இருப்பார், பின்னால் நிற்கிற நான்கூடத் தெளிவாக இருப்பேன், கல்யாணப் பெண் மட்டும் கலங்கலாக இருப்பாள். எதிரே யாரோ ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகியதாம், துடைக்கக் குனிந்துவிட்டாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். சக்கரமாவது எண்ணெய் போட்டால் ஓசைப்படாமல் ஓடும். இவள் ஓடினால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து ஓட வேண்டியிருக்கும்.

நான் அவளுக்கு இளையவள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. கையிலும் ஊசி, வாயிலும் ஊசி என்று சொல்லி எனக்கு 'ஊசி' என்றே பேர் வைத்தவர் மாமா, அதாவது அக்கா புருஷன். அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன மின்விசிறியும் தண்ணீர் மோட்டாரும் அவர் முன்னால் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே ஸ்டூலில் இருப்பார். உட்கார வராத பெண்ணுக்கும் எழுந்திருக்க வராத ஆணுக்கும் முடிச்சுப் போட்ட புண்ணியவான் யாரோ தெரியவில்லை. அவர்களுக்கு ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் பெரியவர் சிறியவர் பார்க்காமல் உத்தரவு போடுவதால் அவள் பேர் கலெக்டர். நான் எதிர்வீட்டில் இருந்தாலும் பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

அக்காவும் என் ஆஸ்பத்திரியில்தான் வார்டு ஆயாவாக இருந்தாள். நோயாளி கட்டிலில் இருக்கும்போதே அவரை அசைக்காமல் விரிப்பை மாற்றிவிடுவாள். அந்தக் கைவாகைப் பார்த்த ஒரு நோயாளியின் மகன்தான் வெளிநாட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னான். ஒரு வருஷ ஒப்பந்தம். மாமாவுக்கு வீட்டுக்கு மேல் ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கலெக்டருக்குத் தனி அறை வேண்டும் என்று ஆசை. அக்காவுக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவளிடம் யார் ஆசையைக் கேட்பார்கள்?

அங்கே அவளுக்கு அறை சுத்தம் செய்கிற வேலை. கடற்கரை ஹோட்டல். கடலைப் பார்ப்பதற்காகவே ஊர் ஊராய் வந்து தங்குவார்கள். அக்கா அந்தக் கடலைப் பார்த்தது, கண்ணாடி துடைக்கத் திரையை இழுக்கிற நேரம் மட்டும். விடியும் முன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், ஹோட்டலின் பின்வாசலில் இறக்கிவிடும். அங்கிருந்து துணிமூட்டை போகிற லிஃப்டில் மேலே. வேலை செய்கிறவர்கள் முன்வாசலை மிதிக்கக் கூடாது, விருந்தாளி எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். சாயங்காலம் மறுபடி வேன், மறுபடி விடுதி, ஒரு அறைக்கு நான்கு கட்டில். ஒரு வருஷம் ஒரு நாட்டில் இருந்தாள். ஆனால் அந்த நாட்டைப் பற்றிக் கேட்டால் வேன் ஜன்னலைத்தான் சொல்வாள்.

வீடியோவில் பேசும்போதெல்லாம் அவளுக்கு ஒரே பேச்சு, படுக்கை. விரிப்பின் மூலையை உறை மடிக்கிற மாதிரி மடித்துச் செருக வேண்டும். தலையணை உறையின் வாய் கதவுப் பக்கம் பார்க்கக் கூடாது, கதவைத் திறக்கிறவன் கண்ணில் மூடின பக்கம்தான் பட வேண்டும். குளியலறைக் காகிதச் சுருளின் நுனியை முக்கோணமாக மடிக்க வேண்டும். "நாங்க போட்டுட்டு வந்தா, அந்த ரூம்ல அதுக்கு முன்னாடி மனுஷங்க தூங்கினதே இல்லைன்னு தோணணும்டி. அதுதான் சூப்பர்வைசர் பார்க்கறது" என்பாள். விடுதியில் தன் கட்டிலையே கலைத்துப் போட்டுச் செய்து காட்டுவாள். கலெக்டர் போனை என் கையில் கொடுத்துவிட்டு நழுவிவிடுவாள். மாமா பின்னால் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டே கொட்டாவி விடுவார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். "ஏன்க்கா, அந்தக் கடல் எப்படி இருக்கு, அதைச் சொல்லேன்" என்று ஒருநாள் கேட்டேன். "நல்லா பெரிசா இருக்கும்டி" என்றாள்.

வருஷம் முடியும்போது ஹோட்டலில் கூப்பிட்டு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று கேட்டார்கள். ஒப்பந்தம் முடிந்து வருகிற இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். இது தெரிந்ததும் மாமா, "ரெண்டு வருஷம்தானே? கண்ணை மூடித் திறந்தா ஓடிடும். மாடியும் முடிஞ்சிடும்" என்றார். கண்ணை மூடித் திறக்கப் போவது இவர் இல்லையே! ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் குடும்பம், அவர்கள் மாடி. எனக்கு என் அக்கா வேண்டும் என்பதை எந்த முகத்தோடு சொல்வது? அவள் இல்லாத அந்த ஒரு வருஷத்தில் அவள் சத்தம் இல்லாத தெரு எனக்குப் பிடிக்கவே இல்லை. அக்கா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள். "யோசிச்சுச் சொல்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலை இருக்கு. ரொம்பப் போன் பண்ணாதீங்க."

வேலையாவது ஒன்றாவது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். ஒப்பந்தம் முடிந்த மறுநாளே ஒரு பையை எடுத்துக்கொண்டு, எந்த ரயிலில் வேண்டுமானாலும் ஏறலாம் என்கிற பாஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, தன்னந்தனியாக அந்த நாட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். பிறகு கேட்டபோது சொன்னாள், "இருக்கறதா வரதான்னு முடிவு பண்ணணும். வேன் ஜன்னலை வச்சு எப்படி முடிவு பண்றது?"

நியாயம்தான். ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

முதல் ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டாள். எதிர் இருக்கைக்காரர் பிஸ்கட் காகிதத்தைப் போட்டுவிட்டு இறங்கினார், இவள் எடுத்தாள். அடுத்த இருக்கையில் ஒரு காகிதக் கோப்பை, அதையும் எடுத்தாள். பெட்டி முழுக்கச் சேகரித்துக்கொண்டு குப்பைத்தொட்டி தேடிப் போனவளிடம் ஒரு கிழவர் தன் காலித் தட்டைக் கொடுத்துவிட்டு நன்றி சொன்னாராம். முதல் ஊரில் ஆற்றங்கரையில் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்து பார்த்தாள். ஆறு போய்க்கொண்டே இருந்தது, இவளுக்கு மட்டும் உட்கார்ந்திருக்கக் கூச்சமாகிவிட்டது. எழுந்துவிட்டாள். இரண்டாவது ஊரில் பழைய அரண்மனை ஒன்றைச் சுற்றிக் காட்டினார்கள். ராஜா படுத்த கட்டிலைப் பார்த்தாயா என்று கேட்டேன். "விரிப்பு ஒரு பக்கம் தொங்குதுடி, யாரும் கவனிக்கலை" என்றாள். சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்து சமையல்காரரைத் திடுக்கிட வைத்தாள். எந்த ஊரிலும் இரண்டாவது நாள் தங்கவில்லை. தங்கலாம் என்று பணம் கட்டியிருந்தாலும் விடிந்ததும் கால் ஸ்டேஷனுக்கு இழுத்துவிடும். பார்த்தாளா என்றால் பார்த்தாள், நின்றாளா என்றால் நிற்கவில்லை.

தங்குகிற இடங்களில் இன்னொரு கூத்து. கண் விழித்ததும் முதல் வேலை, தான் படுத்த படுக்கையைத் தானே போடுவது. மூலை மடிப்பு, தலையணை வாய், எல்லாம். குளியலறைத் தொட்டியைத் துடைத்து, துண்டை நான்காய் மடித்து, காகிதச் சுருளுக்கு முக்கோணம் வைத்து, பையை அலமாரிக்குள் தள்ளிவிட்டுத்தான் வெளியே காலை வைப்பாள். "தெரிஞ்சா செய்றேன்? கை தானாப் போகுது" என்றாள். முன்வாசலில் போகவும் அவளுக்குக் கால் வரவில்லை. எந்தக் கட்டடமானாலும் பின்னால் சுற்றிப் போய் சமையலறை வாசலைக் கண்டுபிடித்துவிடுவாள்.

இப்படியே ஓடி ஓடி ஒன்பதாவதாக ஒரு ஏரிக்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். மலை, மூடுபனி, ஏரி. ஒரு அம்மாள் நடத்துகிற சின்ன விடுதி, மொத்தம் ஆறே அறை. அறையைப் பார்த்துவிட்டு, "ஏரியைப் பார்க்க எந்தப் பக்கம் போகணும்?" என்று சைகையில் கேட்டு, சாயங்காலம் கிளம்பிப் போனாள். அந்த அம்மாள் வாசலில் நின்று வழி காட்டினாள். திரும்பி வந்ததை அவள் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? நம்மவள் வந்ததுதான் பின்வாசல் வழியாயிற்றே. வந்து, படுத்து, நன்றாகத் தூங்கி, விடிந்ததும் படுக்கையைப் போட்டு, சாவியைப் பலகை ஆணியில் மாட்டிவிட்டு (வேலைக்காரர்கள் சாவியை வெளியே கொண்டுபோகக் கூடாது, ஹோட்டல் சட்டம்) மறுபடி பின்வாசல் வழியாகவே ஏரியைச் சுற்றி நடக்கப் போய்விட்டாள். போனில் சார்ஜ் இல்லை.

காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் கதவைத் திறந்தாள். படுக்கையில் ஒரு சுருக்கம் கிடையாது. தொட்டியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அலமாரியில் பை, பைக்குள் பாஸ்போர்ட். ராத்திரி இந்த அறையில் யாருமே தூங்கவில்லை! முந்தின நாள் ஏரிப் பக்கம் போன பெண் திரும்பவே இல்லை! அவள் அலற, அந்த அம்மாள் போலீசைக் கூப்பிட, ஏரியில் படகு இறங்கிவிட்டது.

எனக்குப் போன் வந்தபோது நான் ஒருவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். அறை எடுக்கும்போது அவசரத்துக்கு என்று அக்கா என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறாள். ஏன் மாமா நம்பரைக் கொடுக்கவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "அவர் கையெல்லாம் காயிலுக்குப் பூசற வார்னிஷ், எடுக்க மாட்டார்" என்றாள். போனில் ஒரு பெண் குரல் வேகமாக ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. சிஸ்டர், லேக், போலீஸ். இந்த மூன்றும் போதாதா? நீட்டின கையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ரத்தம் கொடுக்க வந்தவர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

மாமா கடை வீட்டை ஒட்டியே இருந்தது. கலெக்டர் அன்று வீட்டில் இருந்தாள். போனை வாங்கி மறுபடி கூப்பிட்டு ஆங்கிலத்தில் பேசினாள். பேசப் பேச அவள் முகம் மாறியது.

"அப்பா, அம்மா ஹோட்டல்ல இல்லை. ஏதோ மலை ஊர்ல லாட்ஜ்ல இருக்காங்களாம்."

"எந்த லாட்ஜ்? அவ வேலையில இல்ல இருக்கா?" மாமா கம்பியைக் கீழே வைக்கவே இல்லை.

"வேலை முடிஞ்சு பத்து நாள் ஆச்சாம்ப்பா. ஹோட்டல்ல கேட்டுட்டாங்களாம். நேத்து சாயங்காலம் ஏரிப் பக்கம் போனாங்களாம். ராத்திரி ரூமுக்கு வரவே இல்லையாம். படுக்கை கலையவே இல்லைன்னு சொல்றாங்க."

மாமாவின் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பயம் வந்ததை நான் பார்த்தேன். முதல் பயம் ஏரி. இரண்டாவது பயத்தை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"பொய் சொல்லிட்டுப் போயிருக்கா. ராத்திரி ரூம்ல படுக்கலை. அப்ப வேற எங்க..." என்று இழுத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "மாமா, மீதியை முழுங்கிடுங்க. வெளியே விட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன். "ஒரு வருஷம் ஊரான் படுக்கையைப் போட்டு உங்களுக்கு மாடி கட்டப் பணம் அனுப்பினவ. அவ எங்க படுத்தான்னா கேக்கறீங்க? உயிரோட இருக்காளான்னு கேளுங்க!"

அவர் கம்பியைக் கீழே வைத்தார். சொல்லிவிட்டேனே தவிர, பொய் சொன்னது பொய்தானே? பத்து நாள் எங்கே இருந்தாள் என்று எனக்கும்தானே தெரியாது? எனக்குக்கூடச் சொல்லவில்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் வலித்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கலெக்டருக்கு மட்டும்தான் மூளை ஓடியது. "ரூமைப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று அந்த அம்மாளுக்கு உத்தரவு போட்டாள்.

போட்டோ வந்தது. சின்ன அறை, ஜன்னல், கட்டில். கட்டில்மேல் வெள்ளை விரிப்பு, தண்ணீர் ஊற்றினால் வழுக்கி ஓடும் போல. ஏரி மாதிரியே அதிலும் யாரும் இறங்கின தடமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா வார்னிஷ் கையை லுங்கியில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கினார். ஓரத்துக்குத் தள்ளினார். மறுபடி பெரிதாக்கினார்.

"கதவு எந்தப் பக்கம்?" என்றார்.

"என்னப்பா?"

"இந்த ரூம்ல கதவு எந்தப் பக்கம்னு கேளு."

கலெக்டர் கேட்டாள். படத்தில் இடது கைப்பக்கம் என்று பதில் வந்தது.

"தலையணை உறையோட வாய் வலது பக்கம் இருக்கு பாரு. கதவுக்கு எதிர்ப்பக்கம். மூலையைப் பாரு, உறை மடிச்ச மாதிரி. குளியலறைப் பேப்பரைப் படம் எடுக்கச் சொல்லு."

எடுத்து அனுப்பினார்கள். சுருளின் நுனியில் சின்னதாக ஒரு முக்கோணம்.

"உங்க லாட்ஜ்ல இப்படித்தான் மடிப்பீங்களான்னு கேளு."

இல்லை, நாங்கள் அப்படி மடிப்பதில்லையே, இது யார் செய்தது என்று அந்த அம்மாளே திகைத்துப் போனாள்.

"இது அவ போட்ட படுக்கை" என்றார் மாமா. "ராத்திரி அங்கதான் தூங்கியிருக்கா. காலையில எழுந்துதான் வெளியே போயிருக்கா. ஏரியில தேட வேண்டாம்னு சொல்லு."

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் அக்கா படுக்கைப் பாடம் நடத்தியபோது நான் சிரித்தேன், கலெக்டர் நழுவினாள், இவர் கொட்டாவி விட்டார். கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்! மனுஷன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். பிறகு ஏதோ புரிந்தவர் போல மறுபடி உட்கார்ந்தார்.

"பணம் கட்டித் தங்கின இடம்" என்றார். "அங்கயும் இவளே படுக்கையைப் போட்டுட்டுப் போயிருக்கா, ஊசி." வார்னிஷ் கையாலேயே கண்ணைத் துடைத்து, அது எரிந்து, இன்னும் அழுதார்.

அங்கே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். மத்தியானம் ஏரியைச் சுற்றி முடித்துவிட்டு, வழக்கம் போலப் பின்வாசல் வழியாக மாடிக்குப் போயிருக்கிறாள். வாசலில் நின்ற போலீஸ் வண்டியை அவள் பார்க்கவே இல்லை. அறை முழுக்கச் சேறு, போலீஸ்காரர் பூட்ஸ் தடம். யாரோ வந்து அசிங்கம் பண்ணிவிட்டார்களே என்று துணி எடுத்து மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவளை அந்தச் சுத்தம் செய்கிற பெண்தான் பார்த்தாள். பேயைப் பார்த்த மாதிரி ஒரு அலறல். அப்புறம் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அப்புறம் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு, தன் பாஷையில் திட்டு திட்டு என்று திட்டினாள். ஒரு சொல் புரியாவிட்டாலும் முழுக்கப் புரிந்ததாம்.

அக்கா எங்களைக் கூப்பிட்டபோது எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நான்தான் அதிகம் கத்தினேன். "எங்கடி போனே? ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சிடுமா?" என்று வயது வித்தியாசம் பார்க்காமல் கேட்டுவிட்டேன். அவள், "கோவிச்சுக்காதடி" என்றாள். பிறகு மாமா போனை வாங்கினார்.

"படுக்கை நீதானே போட்டே?"

"ஆமாங்க."

"யார் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

"அப்ப நாளைக்குப் போடாதே. எழுந்து அப்படியே போ. உன்னால முடியாது, எனக்குத் தெரியும். ஆனாலும் போடாதே."

அக்கா, "உங்களுக்குக் கோவமில்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கு. நேர்ல வந்தா காட்டறேன். வரலைன்னா..." மாமா போனை மறு கைக்கு மாற்றினார். "மாடியை விடு. அந்தக் கையெழுத்துப் போடறதும் போடாததும் உன் இஷ்டம். எங்களுக்காகன்னு எதையும் பண்ணாதே."

"நான் இன்னும் முடிவு பண்ணலைங்க. ரெண்டு ஊர் பாக்கி இருக்கு. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் அக்கா. இத்தனை கலவரத்துக்கும் பிறகு! எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் போகட்டுமா என்று கேட்கவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டாள் என்பதைக் கவனித்தேன். அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை கலெக்டர் போனுக்கு ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. அதே கட்டில். விரிப்பு பாதி தரையில், தலையணை குறுக்கே, ஈரத் துண்டு நாற்காலிமேல். அதை விட்டுவிட்டுப் படி இறங்குவதற்குள் அக்காவுக்கு உயிர் போய்விட்டதாம். பாதிப் படி இறங்கித் திரும்ப ஏறியிருக்கிறாள். அந்தச் சுத்தம் செய்கிற பெண் அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, போ என்று தலையை ஆட்டி, இவள் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டாள். முன்வாசல் வழியாகப் போகச் சொல்லிக் கையையும் காட்டினாளாம்.

அதன் பிறகு அங்கே அவளுக்குக் கால் அடங்கியதோ இல்லையோ, எங்களுக்கு இங்கே அந்த வியாதி பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நான் ஒரே ஆளுக்கு இரண்டு தரம் ரத்தம் எடுக்கப் பார்த்தேன். கலெக்டர் உத்தரவு போடுவதை நிறுத்திவிட்டுத் தானே பாத்திரம் கழுவினாள். மாமா ஒரு மோட்டாருக்குக் காயிலை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, அது பின்பக்கமாக ஓடியது. ஸ்டூலை விட்டு எழுந்து வாசலுக்கும் கடைக்கும் நடந்தார். "உக்காருங்க மாமா, தலை சுத்துது" என்று நானே சொல்லும்படி ஆயிற்று. அவரிடம் நான் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் பாதியில் விட்ட அந்த வாக்கியத்தைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. ஹோட்டலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில்தான் கூப்பிட்டாள்.

"நேத்துத் தூங்கிட்டேன்டி" என்றாள். குரலில் ஒரு ஆச்சரியம். "கையெழுத்துக்குன்னுதான் ஹோட்டல் ஊருக்குத் திரும்பி வந்து ரூம் எடுத்தேன். காலையில ஜன்னல்கிட்ட உக்காந்தேன். கீழே ஒரு தெரு, யார் யாரோ போனாங்க, வந்தாங்க. பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்படியே தூங்கிட்டேன். எழுந்து பார்த்தா சாயங்காலம். ஹோட்டல் ஆபீஸ் மூடிட்டாங்க."

"அப்ப கையெழுத்து?"

"தூங்கிட்டேன்னு சொல்றேன்ல?" என்று சிரித்தாள். "வரேன்டி. அவர்கிட்ட சொல்லு."

சொல்லத் திரும்பினால் அவர் கடையில் இல்லை, உள்ளே போய்விட்டிருந்தார்.

அவள் வந்து இறங்கிய அன்று எல்லோரும் விமான நிலையத்துக்குப் போனோம், மாமா மட்டும் வரவில்லை. வேலை இருக்கிறதாம். எனக்கு அதுவே கோபம். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன வேலை என்று தெரிந்தது. உள் அறையில் கட்டில். புது வெள்ளை விரிப்பு. நான்கு மூலையும் உறை மடித்த மாதிரி. தலையணை உறையின் வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம். மாமா குளித்துத் தலைசீவி, வார்னிஷ் போகாத கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதியவர் மாதிரி ஓரமாக நின்றார்.

அக்கா அறை வாசலில் நின்றாள். மெதுவாகக் கட்டிலைச் சுற்றி வந்தாள். கால்மாட்டு மூலையில் குனிந்தாள். எனக்குத் தெரியும், அந்த மூலை சரியில்லை, கொஞ்சம் உப்பலாக இருந்தது. அவள் கை நீண்டது. விரல் மடிப்பைத் தொட்டது.

பிறகு கையை எடுத்துக்கொண்டாள். செருப்பை உதறினாள். பயண அழுக்கு, வியர்வை, கசங்கின துணி எல்லாவற்றோடும் அந்த வெள்ளை விரிப்பின் நடுவில் குப்புற விழுந்தாள். தலையணையை இழுத்து முகத்தின் கீழ் வைத்துக்கொண்டாள், விரிப்பு மூலையை விட்டுக் கழன்று வந்தது.

"இருங்க, நான் உடனே எழுந்து..." என்று தலையணைக்குள்ளிருந்தே ஆரம்பித்தாள்.

"படு" என்றார் மாமா. "எழுந்தப்பறம் நான் போட்டுக்கறேன்."

அவள் படுத்திருந்தாள். ஒரு கால் மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது. அப்புறம் அதுவும் நின்றது.